தசை முடிச்சு வலிக்குப் பிசியோதெரபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரிக்கர் பாயிண்ட் என்றால் என்ன? தோள்பட்டையில் கைக்குத் தட்டுப்படும் அந்த முடிச்சுதானா?

அதேதான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். மெத்தென்ற சதைக்குள் சணல் கயிறு போல ஒன்று விரலுக்கடியில் நழுவும். அந்தக் கயிற்றின் வழியே விரலை நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் சுரீர் என்று வலித்து, தோள் தானாகத் தூக்கிப்போடும். அந்த இடம்தான் ட்ரிக்கர் பாயிண்ட். இதனால் வரும் வலிக்கு மருத்துவச் சீட்டில் எழுதும் பெயர் மயோஃபேஷியல் பெயின் சிண்ட்ரோம். மயோ என்பது தசை, ஃபேஷியா என்பது தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு.

கயிறு போலத் தட்டுப்படுவது நரம்பும் அல்ல, கட்டியும் அல்ல. தசை நார்களில் ஒரு பகுதி மட்டும் சுருங்கியபடியே நின்றுவிட்டது. அப்படி நின்ற இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, வலி உணர்த்தும் நரம்பு முனைகள் சீண்டப்பட்டே இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் 2005ல் மிக நுண்ணிய ஊசியைத் தோள் தசைக்குள் செலுத்தி அங்குள்ள திரவத்தைச் சோதித்தார்கள். வலி தரும் முடிச்சுள்ளவர்களிடம் அமிலத்தன்மையும் வலியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. முடிச்சு முதலில் எதனால் உருவாகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ஜேனட் டிராவல் என்ற மருத்துவர். அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் முதுகுவலிக்குச் சிகிச்சை அளித்தவர். 1961ல் கென்னடி அதிபரானபோது டிராவல் வெள்ளை மாளிகையின் மருத்துவரானார்.

வலி ஓரிடத்தில் இருக்க, பிசியோ வேறொரு இடத்தை அழுத்துகிறாரே?

இந்த வலியைப் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. தசை முடிச்சு தன் இடத்தில் வலிப்பதைவிடத் தள்ளி இன்னோர் இடத்தில் அதிகம் வலிக்கவைக்கும். ஒவ்வொரு தசைக்கும் ஏறக்குறைய மாறாத ஒரு வழித்தடம் உண்டு. வலிக்கிற இடத்தையே மாதக்கணக்கில் தேய்த்தும் குறையாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட ட்ரபீசியஸ் தசையின் முடிச்சு, கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் வளைந்து நெற்றிப்பொட்டில் போய் வலிக்கும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போடுபவர்களில் சிலருக்கு ஊற்று இங்கே இருக்கும். தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் படிந்திருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசையோ தோளின் முன்பக்கத்தில், மூட்டுக்குள்ளேயே வலிப்பது போலக் காட்டும். நோயாளி முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார், முடிச்சு முதுகுப்பக்கம் இருக்கும். இடுப்பின் பக்கவாட்டில் ஆழத்தில் உள்ள குளூட்டியஸ் மினிமஸ் தசை தொடையின் வெளிப்புறமாகக் கணுக்கால் வரை வலியை இறக்கும். சயாட்டிகா, அதாவது முதுகடியில் நரம்பு அழுத்தப்பட்டுக் காலில் இறங்கும் வலி, என்று பயந்து வருபவர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தசைக்காரர்கள். சயாட்டிகாவில் மரத்துப்போவதும் எரிச்சலும் பாதம், விரல்கள் வரை போவது வழக்கம். இருமினால், தும்மினால் வலி பாயும். தசை வலி பெரும்பாலும் கணுக்காலோடு நிற்கும், கால் வலுவிழக்காது.

கெண்டைக்காலின் அடித்தசையில் முடிச்சிருந்தால் குதிகால் வலிக்கும். தாடைத் தசையில் இருந்தால் பல் வலி போலவே இருக்கும். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன் தாடையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் தெரியுமா?

வழக்கமான எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எதிலும் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலிக்குத் தொடர்பில்லாத வேறு ஏதாவது தெரிந்துவிடும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் வெளியான அறிக்கையில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே அறிக்கையில் "டிஸ்க் பல்ஜ்" என்ற சொல் இருந்தாலே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

அப்படியானால் எதை வைத்து உறுதி செய்கிறார்கள்?

விரலை வைத்துத்தான். மூன்று விஷயம் சேர்ந்து வர வேண்டும்: கயிறு போன்ற இறுக்கம், அதில் தொட்டால் பொறுக்க முடியாத ஒரு புள்ளி, அதை அழுத்தும்போது "இதுதான், நான் சொன்ன வலி இதுதான்" என்று நீங்கள் அடையாளம் கண்டுகொள்வது. மூன்றாவதுதான் முக்கியம். யாருக்கும் தோளில் அழுத்தினால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அது உங்கள் பழைய வலியா, அழுத்தியதால் வந்த புது வலியா என்பதுதான் கேள்வி. தானாக வலிக்காமல் அழுத்தினால் மட்டும் வலிக்கும் முடிச்சுகளும் நிறைய பேருக்கு உண்டு. அவற்றைத் தேடித் தேடி உடைக்க வேண்டியதில்லை.

நேர்மையாகச் சொன்னால் இரண்டு பிசியோக்கள் ஒரே ஆளைத் தொட்டுப் பார்த்து ஒரே புள்ளியைச் சொல்வது எப்போதும் நடப்பதில்லை. அதனால் நல்ல பிசியோ முடிச்சை மட்டும் நம்பாமல் மூட்டு அசைவு, தசை வலு, தொடு உணர்வு, முழங்கால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல் எல்லாவற்றையும் பார்ப்பார். தொடாமலே மெஷினை மாட்டிவிட்டால் கேள்வி கேளுங்கள்.

வாயுப் பிடிப்பு, சுளுக்கு என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

முதுகிலோ விலாவிலோ திடீரென்று பிடித்துக்கொண்டதை வாயுப் பிடிப்பு என்கிறோம். அதில் பல இந்தத் தசை முடிச்சுதான். சதைக்குள் காற்று போய் அடைவதில்லை. சுளுக்கு என்ற சொல்லைக் கணுக்கால் பிசகுவதற்கும் காலையில் கழுத்து திரும்பாமல் போவதற்கும் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். கணுக்காலில் பிசகுவது எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார் (லிகமென்ட்), வீங்கும், கன்றும். கழுத்து பிடித்துக்கொள்வதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. நெஞ்சு நடுவில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் அது வாயுவா தசையா என்று வீட்டில் விவாதிக்காமல் உடனே இ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.

வேறு எப்போது டாக்டரிடம் முதலில் போக வேண்டும்?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனால், கை கால் வலுவிழந்தால் அன்றைக்கே. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைதல், எந்தப் பக்கம் படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்தபின் வந்த வலி, இதுவரை வராத அளவு கடுமையான தலைவலி ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் யாரையும் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம்.

பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்?

வரிசை ஒன்று உண்டு: தளர்த்துவது, நீட்டுவது, அசைப்பது, வலுவாக்குவது. பலர் முதல் படியிலேயே வலி குறைந்ததும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அதே முடிச்சோடு திரும்பி வருகிறார்கள்.

தளர்த்துவதற்கு முதலில் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்து, 10க்கு 5 அல்லது 6 என்று நீங்கள் சொல்லும் அளவுக்கு அழுத்தம் ஏறும். அங்கேயே 30 முதல் 90 வினாடி பிடித்து வைத்திருப்பார். வலி 3க்கு இறங்கும். விரலுக்கடியில் சதை வெண்ணெய் போல இளகுவது அவருக்குத் தெரியும். இறங்கவில்லை என்றால் அழுத்தம் அதிகம் அல்லது இடம் தவறு. வலி 8, 9 என்று ஏறினால் தசை தற்காப்புக்காக மேலும் இறுகும். "நன்றாக வலித்தால்தான் சரியாகும்" என்ற நம்பிக்கை இந்த வலியைப் பொறுத்தவரை தவறு.

அடுத்து, தசையைச் சுருக்கித் தளர்த்தி நீட்டும் முறை. உங்கள் முழு பலத்தில் கால் பங்கு மட்டும் கொடுத்து அவர் கையை எதிர்த்து 6 முதல் 10 வினாடி தள்ளச் சொல்வார். மூச்சை விட்டுத் தளர்ந்ததும் தசை கொஞ்சம் கூடுதலாக நீளும். இதை 3 முதல் 5 முறை. உடனே அந்த மூட்டை முழு வீச்சுக்கு நீங்களே அசைக்க வேண்டும். தளர்ந்த தசை தன் புது நீளத்தில் வேலை செய்யப் பழகுவதற்காக இது.

வீட்டில் பந்து வைத்துச் செய்வது எப்படி?

தோளின் முன்பக்கம் வலித்து, பின்புறம் முடிச்சு இருப்பதாக உறுதியானவர்களுக்கு இது. டென்னிஸ் பந்து போதும். கிரிக்கெட் பந்து வேண்டாம், கடினம் அதிகம். பந்தை ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு நுனியைப் பிடித்துக்கொண்டால் கீழே விழுந்து உருளாது.

சுவருக்கு முதுகைக் காட்டி, ஓர் அடி தள்ளி நில்லுங்கள். தோள்பட்டை எலும்பில் குறுக்கே ஒரு வரப்பு போலத் தட்டுப்படும். அதற்கு இரண்டு விரல் அகலம் கீழே, எலும்பின் பரப்பின் மேல் பந்து இருக்க வேண்டும். வலிக்கும் பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்காலை லேசாக மடக்கி நிமிர்த்தி, பந்தை மிக மெதுவாக உருட்டித் தேடுங்கள். வலி முன்பக்கத் தோளுக்குப் பாயும் புள்ளி கிடைத்ததும் நின்றுவிடுங்கள். உருட்டிக்கொண்டே இருப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அதே புள்ளியில் 30 முதல் 60 வினாடி சாய்ந்து, வலி பாதியாகும் வரை மூச்சை மெல்ல விடுங்கள். பாதியானதும், சாய்ந்தபடியே கையை முன்னால் தூக்கி இறக்குங்கள், 5 முறை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு தடவைக்கு மூன்று புள்ளிக்கு மேல் வேண்டாம்.

விரல்கள் மரத்தாலோ மின்னல் வெட்டுவது போலிருந்தாலோ பந்து நரம்பின் மேல் ஏறியிருக்கிறது, நகர்த்துங்கள். முதுகெலும்பின் மேலும் அக்குள் பக்கமும் பந்து போகக் கூடாது. மறுநாள் அந்த இடம் உடற்பயிற்சி செய்த மறுநாள் போல லேசாக நோவது சரி. தொட முடியாமல் நொந்தாலோ கன்றிப்போயிருந்தாலோ அழுத்தியது அதிகம். இரண்டு நாள் விட்டுவிட்டுப் பாதி அழுத்தத்தில் தொடங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமான முதியவர்களும் பந்தைத் தொடாமல் ஒத்தடத்தோடும் நீட்டும் பயிற்சியோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

கழுத்துக்கு எந்த நீட்டும் பயிற்சி?

இரண்டு தசைக்கு இரண்டு விதம், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வலது ட்ரபீசியஸுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடியுங்கள். தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, முகத்தை மட்டும் கொஞ்சம் வலது பக்கம் மேல்நோக்கித் திருப்புங்கள். கழுத்தின் பின்புற மூலையில் பிடிக்கும் லெவேட்டர் ஸ்கேப்புலே தசைக்கு: அதே போலப் பிடித்துக்கொண்டு முகத்தை இடது பக்கம் திருப்பி, இடது அக்குளை முகர்ந்து பார்ப்பது போலக் குனியுங்கள். ஒவ்வொன்றும் 30 வினாடி, மூன்று முறை. கையால் தலையை இழுக்கத் தேவையில்லை. தலையின் எடையே போதும். தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

வலுவாக்கும் பயிற்சி எதற்கு? வலி போனால் போதாதா?

போதாது. நாள் முழுவதும் சிறிய சுமையைத் தாங்க முடியாத தசைதான் பெரும்பாலும் முடிச்சு போடுவதாகக் கருதப்படுகிறது. 2011ல் டென்மார்க்கில், கழுத்திலும் தோளிலும் அடிக்கடி வலி வரும் அலுவலக ஊழியர்களுக்கு ரப்பர் பட்டையை இழுத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 2 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம். அந்த 2 நிமிடத்துக்கே வலி குறைந்தது. 2 நிமிடம் கிடைக்காத வேலை எதுவும் இல்லை.

ரப்பர் பட்டை இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு. கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்குங்கள், 10 முதல் 12 முறை. அது எளிதாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டில். பயிற்சியின்போது வலி 10க்கு 3 வரை இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும்.

ட்ரை நீட்லிங் என்று ஊசி போடுகிறார்களே, அது என்ன மருந்து?

மருந்தே இல்லை. வழக்கமாகப் பயன்படுவது 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர் தடிமனுள்ள திட ஊசி; முடியைவிடச் சில மடங்கு தடிமன். அதை நேராக முடிச்சுக்குள் செலுத்தும்போது தசை மீன் துள்ளுவது போல ஒருமுறை துள்ளும். அதன்பின் இறுக்கம் குறைவது பலருக்கு அங்கேயே தெரியும். இடம் ஒன்று முதல் இரண்டு நாள் நோகும். அக்குபஞ்சர் ஊசி மாதிரியே இருந்தாலும் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படை வேறு.

பயம் ஊசியின் வலியைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. கழுத்தடி, தோள், விலா ஆகிய இடங்களில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலின் உறையில் ஓட்டை விழலாம். அரிதுதான், ஆனால் நடக்கும். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்குதல், நெஞ்சில் குத்தல், வறட்டு இருமல் வந்தால் மருத்துவமனைக்குப் போய் "நேற்று தோளில் நீட்லிங் செய்தார்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தைக் குறைக்கும். முறையாகப் பயிற்சி பெற்றவரா, ஊசி புதிய உறையிலிருந்து பிரிக்கப்பட்டதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பத்து நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். போதுமா?

தோல் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ், ஐ.எஃப்.டி. போன்ற கருவிகள் வலியைச் சில மணி நேரம் மட்டுப்படுத்தும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால் பயன். ஒலி அலையைச் சதைக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு இந்த வலியில் வலுவான சான்று இல்லை. பத்து நாளும் மெஷின் மட்டும், ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை என்றால் நீங்கள் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுப்பது?

வேண்டாம். சத்தம் வருவதால் இறங்கியது போலிருக்கும்; முடிச்சு அங்கேயேதான் இருக்கும். வேகமாகத் திருகும்போது கழுத்தெலும்புக்குள் ஏறும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

வெந்நீரா, ஐஸா?

முடிச்சுக்கு வெந்நீர். அடிபட்டு வீங்கிய முதல் இரண்டு நாளுக்கு ஐஸ். தைலம் தடவினால் தற்காலிகச் சுகம் கிடைக்கும், தவறில்லை. தைலத்தின் மேல் ஹாட்பேக் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் காலுக்கு ஒத்தடம் கொடுக்கவே கூடாது.

சரியான பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

முடிச்சு போட்ட வேலை மாறாததால். தையல் மிஷினில் முதுகைக் கூனி உட்காருவது, உயரம் குறைந்த சமையல் மேடையில் குனிந்து நறுக்குவது, லேப்டாப்பை மடியில் வைப்பது, ஒரே தோளில் பை, பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து பைக் ஓட்டுவது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிப் பேசுவது. இவற்றில் எது உங்களுடையது என்று கண்டுபிடியுங்கள். "சரியான நிலையில் உட்காருங்கள்" என்று சொல்வதைவிட, 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்பது பலன் தருகிறது. எவ்வளவு நேராக உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக இருந்தால் தசை இறுகும். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தலையணையின் உயரம் தோளுக்கும் காதுக்கும் இடையிலான தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

இவையெல்லாம் மாற்றியும் பல இடங்களில் முடிச்சு முளைத்துக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் தைராய்டு, வைட்டமின் டி, பி12, இரும்புச் சத்து பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தூக்கமின்மையும் மன அழுத்தமும் தசையில்தான் வந்து உட்காருகின்றன. அதைச் சொல்லும்போது வலி கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. உடம்பெங்கும் மூன்று மாதத்துக்கு மேல் வலி, எழுந்ததும் களைப்பு, மறதி என்றால் அது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

சர்க்கரை நோயாளிக்குத் தோள் வலித்தால் தசை முடிச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு மூட்டு உறைந்துபோகும் ஃப்ரோசன் ஷோல்டர் அதிகம் வரும். வீட்டிலேயே ஒரு சோதனை: முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 பாகை மடக்கி, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு வேறொருவரை மெல்லத் திருப்பிவிடச் சொல்லுங்கள். நீங்களே திருப்பினாலும் அவர் திருப்பினாலும் ஒரே இடத்தில் கட்டை போல நின்றால் மூட்டு இறுகியிருக்கிறது. அவர் திருப்பும்போது மறுபக்கம் அளவுக்கே போனால் தசையைத் தேடலாம்.

எத்தனை நாளில் குணமாகும்?

சில வாரமாகத்தான் வலி என்றால் பொதுவாக 3 முதல் 6 தடவை பிசியோவிடம் போவதும் வீட்டுப் பயிற்சியும் போதும். வருடக்கணக்காக இருப்பதற்கு 6 முதல் 12 வாரம் ஒதுக்குங்கள். நான்கு தடவைக்குப் பின்னும் துளிக்கூட மாற்றமில்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடராமல், முதலில் சொன்ன நோய்க்காரணம் சரியா என்று திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு உதவியாக முதல் நாளே ஒரு தாளில் மூன்று விஷயம் குறித்து வையுங்கள்: கழுத்து எவ்வளவு திரும்புகிறது, எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் வலி ஆரம்பிக்கிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள். வலியின் அளவு மனநிலையோடு ஏறி இறங்கும். இந்த மூன்றும் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.